மூன்று நாள் மௌனம் யாருக்காக?

புதிய திரைப்படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு அதைப் பற்றிய விமர்சனங்கள் வெளிவரக் கூடாது என்ற கோரிக்கை, 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியானதைத் தொடர்ந்து தமிழ்த் திரைத் துறையில் வலுப்பெற்றது. படம் பார்த்து வெளியே வரும் ரசிகர்களிடம் கருத்துக் கேட்கும் யூடியூப் சேனல்களை வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டாம் என்று திரையரங்க உரிமையாளர்களைத் தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டதோடு, மூன்று நாள் தடை கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடினர். கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், இடைக்காலத் தடை விதிக்க அந்த ஆண்டு டிசம்பரில் மறுத்துவிட்டது. அதன் பிறகும் இசை வெளியீட்டு மேடைகளில் இதே குரல் அவ்வப்போது எழுகிறது. இந்தக் கோரிக்கை சட்டத்தின்படி ஏற்கத்தக்கதன்று என்பதோடு, திரைத் துறையின் சொந்த நலனுக்கும் எதிரானது.

முதல் மூன்று நாள்களுக்கு இத்தனை முக்கியத்துவம் வந்ததற்கு, வணிக முறையில் ஏற்பட்ட மாற்றமே காரணம். படச்சுருள் காலத்தில் ஒரு படத்துக்குக் குறைந்த எண்ணிக்கையிலேயே பிரதிகள் எடுக்கப்பட்டன. ‘படப்பெட்டி’ எனப்பட்ட அப்பிரதிகள் முதலில் பெருநகரங்களாகிய ‘ஏ சென்டர்’ அரங்குகளிலும், பிறகு சிறு நகரங்களாகிய ‘பி சென்டர்’களிலும், கடைசியாகக் கிராமப்புறக் கொட்டகைகளாகிய ‘சி சென்டர்’களிலும் வலம் வந்ததால், ஒரு படம் நூறு நாள், வெள்ளி விழா என்று ஓடி முதலீட்டை மெல்ல மீட்க அவகாசம் இருந்தது. டிஜிட்டல் திரையிடல் வந்த பின்னர் ஒரே காலையில் மாநிலமெங்கும் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வெளியாகிறது. நான்கு வாரம் கழிந்தால் அதே படம் ஓடிடி தளத்தில், அதாவது இணையவழி வீட்டுத் திரையில், கிடைத்துவிடுகிறது. ஆகவே பெரிய படங்களின் வசூலில் கணிசமான பங்கு முதல் வெள்ளி, சனி, ஞாயிறிலேயே முடிந்துவிடுகிறது. அந்த மூன்று நாள் மட்டும் எவரும் பேசக் கூடாது என்பது, சரக்கு விற்றுத் தீரும்வரை அதன் தரத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதற்கு ஒப்பாகும். முன்னோட்டம், பாடல் வெளியீடு, நேர்காணல், வெற்றிச் சந்திப்பு என்று தயாரிப்புத் தரப்பின் குரல் மட்டும் அந்த மூன்று நாளும் தடையின்றி ஒலிக்கலாம், பணம் கொடுத்துப் பார்த்தவரின் குரல் ஒலிக்கக் கூடாது என்பதில் நியாயமில்லை.

ரசிகரின் வாய்ச்சொல் படங்களை அழிக்கிறது என்ற குற்றச்சாட்டைத் தமிழ்த் திரை வரலாறு மறுக்கிறது. 1980இல் புதுமுகங்களோடு வந்த ‘ஒரு தலை ராகம்’, தொடக்கத்தில் காற்று வாங்கிய அரங்குகளைப் பார்த்தவர்களின் பேச்சாலேயே நிரப்பியது. வாங்க ஆளின்றிக் கிடந்து 1999 டிசம்பரில் மிகச் சில காட்சிகளோடு வெளியான ‘சேது’, அதே வழியில் வளர்ந்துதான் ஒரு நடிகருக்கும் ஓர் இயக்குநருக்கும் வாழ்வளித்தது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தமிழில் மொழிமாற்றம் செய்யப்படாமலேயே தமிழ்நாட்டு அரங்குகளை நிறைத்ததும், 2025இல் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பெரிய விளம்பரமின்றி வெற்றி கண்டதும் முதல் நாள் கருத்துகள் வேகமாகப் பரவியதால்தான். சுவரொட்டிக்கும் தொலைக்காட்சி விளம்பரத்துக்கும் வசதியற்ற சிறு படத்துக்கு ரசிகரின் பேச்சே விளம்பரம் என்பதால், மூன்று நாள் தடையில் முதலில் மூச்சுத் திணறுவது அத்தகைய படங்களே. மறுபுறம், விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும் 2003இல் ‘அன்பே சிவம்’ வசூலில் தோற்றது. எனவே ஒரு படத்தின் வெற்றி தோல்வியை விமர்சனம் ஒன்றே தீர்மானிக்கிறது என்ற வாதம் எந்தப் பக்கமும் நிற்பதில்லை.

சட்டத்தின் பார்வையில் இந்தக் கோரிக்கைக்குள் ஒரு முரண்பாடும் உண்டு. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் அஞ்சிக் கருத்தை ஒடுக்க முடியாது என்று நிலைநாட்டியது. பேச்சுரிமையை வழங்கும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது கூறே அன்று திரைத் துறைக்குக் கேடயமாக அமைந்தது. தன் படைப்பைக் காக்க அந்தக் கேடயத்தை ஏந்திய துறை, அப்படைப்பைக் குறை சொல்பவரின் கையிலிருந்து அதைப் பறிக்கக் கேட்பது பொருந்தாது.

இதனால் தயாரிப்பாளர்களின் குறைகள் அனைத்தும் கற்பனை என்று ஆகிவிடாது. பணம் வாங்கிக்கொண்டு புகழ்வதும், பணம் தராவிட்டால் இகழ்வோம் என்று மிரட்டுவதும், படத்தைப் பார்க்காமலேயே கூட்டமாகச் சேர்ந்து திட்டித் தீர்க்கும் ‘ரிவ்யூ பாமிங்’ என்ற செயலும், நடிகர்களின் உருவத்தையும் குடும்பத்தையும் இழிவு செய்வதும் விமர்சனம் என்ற பெயருக்குத் தகுதியற்றவை. இது குறித்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்படும் ‘அமிக்கஸ் கியூரி’ என்ற வழக்கறிஞர் 2024இல் அளித்த அறிக்கை, முதல் 48 மணி நேரம் விமர்சனங்களைத் தவிர்க்கலாம் என்று யோசனை கூறியது. ஆயினும் மிரட்டிப் பணம் பறித்தலும் அவதூறும் ஏற்கெனவே குற்றங்கள். பணம் பெற்றுச் செய்யும் பரிந்துரையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023இல் வழிகாட்டியுள்ளது. திரையில் ஓடும் படத்தை அரங்குக்குள் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க, அதே ஆண்டில் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் வழி செய்கிறது. குற்றம் செய்பவரைத் தண்டிக்க இத்தனை ஏற்பாடுகள் இருக்கும்போது, எல்லாப் பார்வையாளரின் வாயையும் பூட்டுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றதே. தம் வளாகத்துக்குள் கேமராவை அனுமதிப்பதா இல்லையா என்பதை அரங்க உரிமையாளர்கள் முடிவு செய்துகொள்ளலாம்; வாசலைத் தாண்டிய பேச்சின் மீது அவர்களுக்கும் உரிமையில்லை, தயாரிப்பாளர்களுக்கும் இல்லை.

திரையரங்குகள் காலியாவதற்கான காரணத்தை விமர்சகரின் ஒலிவாங்கியில் தேடும் துறை, அரங்கின் உள்ளே ரசிகர் எதிர்கொள்வதைப் பார்க்கத் தவறுகிறது. நுழைவுச்சீட்டுக்கு மேல் இணைய முன்பதிவுக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், சீட்டின் விலையையே எட்டிவிடும் பாப்கார்ன், குறித்த நேரத்தைத் தாண்டி நீளும் விளம்பரங்கள், மங்கிய திரை, காதை அடைக்கும் ஒலி, துப்புரவற்ற கழிப்பறை ஆகியவை சேர்ந்தே ‘படம் பார்த்த அனுபவம்’ ஆகின்றன. வெளி உணவைத் தடுக்க அரங்குகளுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சுகாதாரமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் குறிப்பிட்டது. முதல் பகுதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் அரங்குகள் இரண்டாம் பகுதியையும் அதே அக்கறையோடு கடைப்பிடிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான சீட்டுக்குச் சரக்கு-சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், எளிய குடும்பங்களை மீண்டும் அரங்குக்கு அழைக்க நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது. 1952இல் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட மதுரை தங்கம், சிவாஜி கணேசனின் பெயரோடு இணைந்த சென்னை சாந்தி போன்ற அரங்குகள் இன்று இல்லை; எஞ்சியவற்றைக் காக்க, வருபவரை மதிக்கும் பழக்கத்தை விடச் சிறந்த வழி இல்லை.

ரசிகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கதையின் முடிச்சை அவிழ்த்து அடுத்தவரின் சுவையைக் கெடுக்காமல், ஆளைத் தாக்காமல் படைப்பை மட்டும் எடைபோட்டு, ஒரு நாயகன் மீதுள்ள பற்றால் மற்றொரு நாயகனின் படத்தைத் தூற்றாமல் பேசுவதே கருத்துரிமைக்குக் கௌரவம் சேர்க்கும். மூன்று நாள் தடைக்கான கோரிக்கையைத் தயாரிப்பாளர்கள் கைவிட்டு, பணத்துக்காக எழுதப்படும் போலி விமர்சனங்களுக்கு எதிராக மட்டும் சட்டத்தின் துணையை நாடட்டும். அரங்க உரிமையாளர்கள் குடிநீரையும் கழிப்பறையையும் கட்டணத்தையும் சீர்செய்யட்டும். சீட்டு வாங்கியவர் படத்தைப் பற்றிப் பேசும் உரிமையையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார்.