சமையலறையில் பிரியாதது ஆலையில் பிரியாது

"நீங்கள் ஒருவர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போவதால் பூமி குளிர்ந்துவிடுமா?" ஹைதராபாத்தில் எங்கள் தார்நாகாவின் அடுக்ககக் கூட்டங்களில் குப்பைப் பேச்சு எடுத்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ‘மிஷன் லைஃப்’ என்ற பெயரில் வாழ்க்கைமுறை மாற்ற இயக்கத்தைத் தொடங்கிய பிறகு கேள்வி இன்னும் காரமாகியிருக்கிறது. மாற வேண்டியவை அரசும் கம்பெனிகளும்தானே, சாமானியர் தலையில் ஏன் பாரத்தை ஏற்றுகிறீர்கள் என்கிறார்கள். இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதைக் காட்டி, ‘ஆகவே நான் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை’ என்ற முடிவுக்குப் போவது தவறு. அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ‘கெடுப்பவை நூறு கம்பெனிகள்தான்’

2017-இல் வந்த ‘கார்பன் மேஜர்ஸ்’ அறிக்கையை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். 1988 முதல் தொழில்துறை வழியாக வெளியான பசுங்குடில் வாயுக்களில் 71 சதவீதம் 100 நிறுவனங்களைச் சேர்ந்தது என்கிறது அது. எண் சரிதான். ஆனால் அந்த நிறுவனங்கள் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து விற்பவை. அவற்றின் கணக்கில் ஏறிய வாயுவில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு, விற்ற எரிபொருளை வாங்கியவர்கள் எரித்தபோது வெளியானது. ஹப்சிகூடா சிக்னலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் நம் வண்டியின் புகையும் அந்த 71 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது.

தனிமனிதக் கரிமக் கணக்கை 2000-களில் விளம்பரம் செய்து பரப்பியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம் என்பதும் உண்மை. பழியை வாடிக்கையாளர் பக்கம் தள்ளும் தந்திரம் அது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தந்திரத்துக்குப் பதிலடி, அவர்கள் சரக்கைக் குறைவாக வாங்குவதுதானே? தார்நாகாவில் 2017 முதல் மெட்ரோ நிற்கிறது. நாகோலுக்கும் அமீர்பேட்டைக்கும் பெட்ரோல் இல்லாமலே போய்வரலாம்.

2. ‘ஒரு வீட்டால் என்ன ஆகிவிடும்?’

இதற்கான பதில் நம் தெருவிலேயே இருக்கிறது. தார்நாகாவில் இருக்கும் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம், ஐஐசிடி, மட்கும் கழிவிலிருந்து பயோகேஸ் எடுக்கும் கலனை உருவாக்கியிருக்கிறது. அந்தத் தொழில்நுட்பம் போயின்பள்ளி காய்கறிச் சந்தையில் வேலை செய்கிறது. அழுகிய தக்காளியும் கோஸ் இலையுமாக நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவை உள்ளே போட்டு, 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிவாயுவும் எடுக்கிறார்கள் என்று 2021 ஜனவரியில் பிரதமரே வானொலியில் பாராட்டினார்.

அந்த ஆலை ஓடுவதற்குக் காரணம், சந்தைக் கழிவு பெரும்பாலும் காய்கறி மட்டுமே என்பது. நம் வீட்டுக் குப்பை அப்படி இல்லை. அது ஜவஹர் நகர் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அங்கே குன்றாகக் குவிந்த கலப்புக் குப்பையின் கசிவுநீர் பக்கத்து மல்காரம் ஏரியைக் கெடுத்தது. 2020-இல் அங்கே 19.8 மெகாவாட் குப்பை மின்நிலையமும் வந்துவிட்டது. ஆனால் சாதமும் சாம்பாரும் கலந்த ஈரக் குப்பை அடுப்பில் லேசில் எரிவதில்லை. எரிக்காமல் புதைத்தால் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

கலந்துவிட்ட பிறகு எந்த எஞ்சினியராலும் அதைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. அந்த வேலையைச் செய்ய முடிந்த ஒரே இடம் சமையலறை. ஆகவே வீட்டுப் பழக்கத்தைப் பெரிய ஏற்பாட்டுக்கு மாற்றாக நினைக்கக் கூடாது. அந்த ஏற்பாட்டின் முதல் படியே அதுதான்.

3. ‘பிரித்துக் கொடுத்தாலும் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள்’

சில தெருக்களில் இது நடக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் காலையில் குப்பை எடுக்க வரும் ஸ்வச் ஆட்டோவைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பக்கவாட்டில் சாக்குகள் தொங்கும். பின்னால் நிற்பவர், நாம் முடிச்சுப் போட்டுத் தந்த கவரைக் கிழித்து, சோற்றுக்குள் கையை விட்டு, பாட்டிலை ஒரு சாக்கிலும் பால் கவரை இன்னொன்றிலும் போடுவார். அதே கவருக்குள் உடைந்த கண்ணாடியும் நாப்கினும் கிடக்கும். நாம் பிரிக்காததை அவர் கை பிரிக்கிறது. ஈரம், உலர், வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொன்னது நம்மிடம்தான்.

வண்டியில் நம்பிக்கை இல்லையா? ஈரக் குப்பையை வண்டிக்கே கொடுக்காதீர்கள். காபி டிகாக்‌ஷன் சக்கை, வாழைப்பழத் தோல், கறிவேப்பிலைக் காம்பு எல்லாவற்றையும் துளையிட்ட மண்தொட்டியில் போட்டு, மேலே காய்ந்த இலையைத் தூவி, புளித்த மோர் தெளித்து மூடுங்கள். ஈரம் மிஞ்சாமல் அவ்வப்போது கிளறினால் வாடை வராது. இரண்டு மூன்று மாதத்தில் எரு தயார். நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழ பாதி மட்கும் குப்பை. அது வீட்டிலேயே நின்றுவிட்டால், வண்டியில் போவது சுத்தமான உலர் குப்பை.

4. ‘இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு’

மூங்கில் பிரஷ்ஷும் கண்ணாடி ஸ்ட்ராவும் விற்கும் கடைகள் இந்த எண்ணத்தை வளர்த்துவிட்டன. எதையும் புதிதாக வாங்காமல் இருப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. தமிழ்நாடு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தில் திரும்ப எடுத்தது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைத்தான்.

தண்ணீரைப் பாருங்கள். நம் குழாய்க்குக் கிருஷ்ணா நீர் தரும் நாகார்ஜுனசாகர் அணை முழுதாக நிரம்பினாலும் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 180 மீட்டர்தான். ஹைதராபாத்தோ 500 மீட்டருக்கு மேல். ஆயிரம் லிட்டர் கிருஷ்ணா நீரை அந்த உயரத்துக்கு ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்தால், ஒரு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஷவரை விட்டு பக்கெட்டில் குளிக்கச் செலவு ஒன்றும் இல்லை. ஏசியை ஒரு டிகிரி ஏற்றிவைத்தால் மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் வாரியம். அதுவும் வரவுதான்.

எல்இடி பல்பின் கதையும் இதையே காட்டுகிறது. 2014-இல் ஒரு பல்புக்கு அரசு கொடுத்த கொள்முதல் விலை 310 ரூபாய். அரசு மொத்தமாக வாங்கியது, வீடுகள் கோடிக்கணக்கில் மாறின, இரண்டே ஆண்டில் விலை 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. கொள்கையும் பழக்கமும் கைகோத்தால் ஏழைக்கும் எட்டும்.

5. ‘இந்தியரின் பங்கே சொற்பம்’

பசுங்குடில் வாயு வெளியீட்டில் சராசரி இந்தியரின் பங்கு சொற்பம்தான். அமெரிக்கருடையதில் ஒரு சிறு பகுதிதான் அது. ஆனால் காரும் ஏசியும் வைத்திருக்கும் வீடு சராசரி இந்திய வீடு அல்ல. கூலித் தொழிலாளியின் சிக்கனத்தைக் காட்டி நம் செலவை மறைத்துக்கொள்வது அநியாயம்.

பழக்கம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. வார்டுக்கு ஒரு பயோகேஸ் ஆலை வேண்டும், பிரித்த குப்பையைப் பிரித்தே ஏற்றும் வண்டி வேண்டும், துப்புரவுப் பணியாளருக்குக் கையுறையும் நிரந்தரச் சம்பளமும் வேண்டும். தொழில்நுட்பத்துக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. அது தார்நாகாவிலேயே இருக்கிறது. ஆனால் ஆலை வந்தால் அதில் போடத் தகுந்த குப்பையை நாம் தர வேண்டும். பிரித்துத் தரும் தெரு கேட்டால், ‘மக்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று எந்த அதிகாரியும் தட்டிக்கழிக்க முடியாது. முதலில் பிரிப்போம், பிறகு ஆலையை உரிமையோடு கேட்போம்.