வேலி மலிவாக இருக்கலாம், படலை குறையக்கூடாது

கோடைகால விளையாட்டு விழாவுக்கு ஆயத்தம் தொடங்கியதும் நமது நிர்வாக சபைக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "வேலிக்கு எவ்வளவு முடியும்?" மைதானத்தைச் சுற்றித் தற்காலிக வேலி போடும் செலவு, சிறிய சங்கங்களுக்குப் பெரிய சுமைதான். ஆகவே ஆகக் குறைந்த விலை சொல்பவரிடம் வாடகைக்கு எடுத்து, முழுவதும் அடைத்து, ஒரே ஒரு வாசல் விட்டால் போதும் என்று முடிவாகிவிடுகிறது. ஒரு வாசல் என்றால் ரிக்கெற் பார்க்க இரண்டு தொண்டர்கள் போதும் என்பதும் ஒரு காரணம்.

நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி எழுதும் மருத்துவப் பக்கத்தில் வேலிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு விளையாட்டு விழாவில் முதலுதவிக் கூடாரத்தில் இருந்தோம். வெயிலில் நின்ற ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். அம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. ஆனால் வாகன வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் மேடையில் பரிசளிப்பில் நின்றார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டுத் திறப்பை வாங்கி வருவதற்குள் பல நிமிடங்கள் போய்விட்டன. நல்ல காலம், பெரியவருக்கு வந்தது நீரிழப்பால் ஏற்பட்ட மயக்கம் மட்டுமே. அது மாரடைப்பாக இருந்து இதயம் நின்றிருந்தால் கதை வேறு. இதயம் நின்றபின் மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் உயிர் தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. தெற்காசியரான நமக்கு இதய நோய் அதிகம் என்பதும் தெரிந்ததே. ஆர்ச்வேயில் விற்றிங்டன் வைத்தியசாலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் பூட்டிய வேலிக்குள் இருப்பவருக்கு அது வெகு தூரம்.

இந்த நாட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. 1985 மே 11 அன்று பிராட்போர்ட் உதைபந்தாட்ட மைதானத்தில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்கம் ஓடியவர்களைப் பூட்டிய கதவுகள் மறித்தன. முன்பக்கத்தில் உயர்ந்த வேலி இல்லாதபடியால் பெருந்தொகையானோர் மைதானத்துக்குள் குதித்துத் தப்பினார்கள். நான்கு வருடங்களின் பின், 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் உயர்ந்த வேலிகளுக்குள் நெரிபட்டவர்களில் 97 பேரின் உயிர் பறிபோனது. நெரிசலில் இறப்பவர்கள் எல்லோரும் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சடைத்துப் போகிறார்கள்.

நமது விழாக்கள் அவ்வளவு பெரியவை அல்ல. ஆனால் கணக்கு ஒன்றுதான். விளையாட்டரங்குகளுக்கான பிரித்தானிய வழிகாட்டி, சமதரையில் ஒரு மீற்றர் அகல வழியால் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்று கணக்கிடுகிறது. அப்படியானால் 1,000 பேர் ஒரு மீற்றர் வாசலால் வெளியேற 12 நிமிடங்கள் வேண்டும். நம்மிடம் பாட்டிமாரும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் இருப்பதால் இன்னும் கூடும்.

இனி வேலி வகைகளைப் பார்ப்போம். ஹெராஸ் என்று சொல்லும் கம்பிவலைச் சட்டம் ஒன்று ஏறத்தாழ மூன்றரை மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் உயரமும் கொண்டது. ஜெனரேற்றர், சமையற்கூடம், பொருட்கள் வைக்கும் இடம் ஆகியவற்றைச் சுற்றி அது அவசியம். சனத்தைச் சுற்றி அவசியமில்லை. அதில் விளம்பரப் பதாகையோ தறப்பாளோ கட்டினால் காற்றுக்குப் பாய்மரம் போலாகி ஆட்கள் மேல் சரியும். சட்டங்களை இணைக்கும் பூட்டுகளைக் கழற்ற ஸ்பானர் வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. அவசர நேரத்தில் ஸ்பானரை யார் தேடுவது?

வரிசைகளுக்கும் எல்லைக்கும் இடுப்பளவு உயரமான இரும்புத் தடுப்புகள் அல்லது ஒன்றோடொன்று கொளுவும் பிளாஸ்ரிக் தடுப்புகள் போதும். வெளியே நீண்டிருக்கும் கால்கள் தடக்கி விழுத்தும். ஆகவே தட்டையான கால் உள்ளவற்றைக் கேட்டு எடுக்கவேண்டும். ஓட்டப் பாதைக்குக் கட்டையும் கயிறும் போதும். மேடை முன்னால் சனம் தள்ளும் என்று எதிர்பார்த்தால் அதற்கென்றே செய்த பாரமான தடுப்பு வேண்டும். அதற்குக் காசு இல்லையென்றால் மெல்லிய தடுப்பை வைத்து ஏமாறாமல், முன்வரிசையில் பாய் விரித்துப் பிள்ளைகளை இருத்திவிடுவதே நல்லது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? பூங்காவில் ஏற்கெனவே உள்ள கம்பி வேலியையும் செடி வேலியையும் எல்லையாகப் பயன்படுத்தலாம். குறுகிய கால வாடகையில் பல சமயம் ஏற்றி இறக்கும் கூலியே கூடுதலாக இருக்கும். அடுத்தடுத்த வார இறுதிகளில் விழா வைக்கும் இரண்டு சங்கங்கள் பேசி ஒன்றாக எடுத்தால் அந்தக் கூலியைப் பங்கிடலாம். ஆர்ச்வேயைச் சுற்றி இஸ்லிங்டன், கம்டன், ஹரிங்கே என்று மூன்று கவுன்சில்கள் இருக்கின்றன. எந்தப் பூங்கா யாருடையது என்று பார்த்து, வேலி எடுக்கும் முன்பே அவர்களுடைய நிகழ்வு அதிகாரியிடம் வரைபடத்தைக் காட்டினால் வீண்செலவு குறையும்.

எங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது? வாசலில். எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது மூன்று வாசல்கள் வேண்டும். ஒன்று அம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நுழையும்படி இரண்டு சட்ட அகலத்தில், பூட்டும் சங்கிலியும் இல்லாமல் இருக்கவேண்டும். ஒவ்வொரு வாசலிலும் பளிச்சென்ற மேலங்கியோடு ஒரு தொண்டர் விழா முடியும்வரை நிற்கவேண்டும். ரிக்கெற் இல்லாமல் பத்துப் பேர் புகுந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். அந்த நட்டத்தை நாம் தாங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2009இல் வவுனியா முகாம்களில் இலட்சக்கணக்கான நம்மவர்கள் முட்கம்பிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் சிலர் இன்று நமது விழாக்களுக்கு வருகிறார்கள். உயர்ந்த கம்பிவலைக்குள் ஒற்றை வாசலால் வரிசையாக உள்ளே போவது அவர்களுக்குச் சாதாரண விடயம் அல்ல. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று முதலுதவிக் கூடாரத்துக்கு வந்தவர்களைக் கண்டிருக்கிறோம். தாழ்ந்த வேலியும், கண்ணுக்குத் தெரியும் திறந்த வாசலும் அவர்களுக்கு மருந்து மாதிரி.

ஊரில் கிடுகு வேலி அடைத்தபோதும் படலை வைக்க மறந்ததில்லை. பக்கத்து வளவுக்குப் போகப் பொட்டும் விட்டோம். இந்த வருடம் வேலிக்கு விலை கேட்கும்போது, "இதில் எத்தனை வாசல்?" என்பதை முதலில் கேட்குமாறு நிர்வாக சபை உறுப்பினர்களை அன்போடு வேண்டிக்கொள்கிறோம்.