தூர் எடுத்த மண் எங்கே போகிறது?

ஏப்ரல், மே மாதங்களில் காவிரி டெல்டாவில் எந்த வாய்க்கால் கரையில் நின்றாலும் பொக்லைன் சத்தம் கேட்கும். ஜூன் 12ல் மேட்டூர் திறப்பதற்குள் தூர்வாரி முடித்தாக வேண்டும். 2021ல் 4,061 கிலோமீட்டருக்கு 65.11 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2022ல் 4,964 கிலோமீட்டருக்கு 80 கோடி. அந்த ஆண்டு அணையை மே 24லேயே திறந்துவிட்டதால் அவசரம் இன்னும் கூடியது. இப்படி ஒவ்வோர் அறிவிப்பிலும் கிலோமீட்டர் இருக்கும், கோடி இருக்கும். அள்ளிய மண் எவ்வளவு, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் பேச்சிலேயே வராது.

பெரும்பாலும் அது எங்கும் போவதில்லை. உள்ளே கிடந்தது கரைக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். ஈரக் களியைச் செங்குத்தாகக் குவித்து, வாளியால் ஒருமுறை தட்டிவிட்டு இயந்திரம் நகர்ந்துவிடும். வெயிலில் வெடித்துக் கிடக்கும் அந்த மண், ஐப்பசி அடைமழையில் கரைந்து பழைய இடத்துக்கே இறங்கும். அடுத்த சித்திரையில் அதே மண்ணுக்கு இன்னொரு டெண்டர். ஒப்பந்ததாரர்களுக்கு இந்த ஏற்பாட்டில் குறை இருக்க வாய்ப்பில்லை.

காவிரிக்கும் வண்டலுக்கும் உள்ள வழக்கு பழையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மேடாகிப்போய், தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்துக்கு ஓடியது. ஆர்தர் காட்டன் கல்லணையில் மணல்போக்கிகள் அமைத்ததும், 1836ல் முக்கொம்பில் மேலணை கட்டியதும் அதற்காகத்தான். அன்றைக்கு மண் மிகுந்தது தொல்லை. 1934ல் மேட்டூர் வந்தபின் கதை தலைகீழானது. 93.47 டிஎம்சி கொள்ளும் அந்த அணை, மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதியைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. அங்கே முதல்முறையாகத் தூர் எடுத்தது 2017ல்தான். ஆக, கீழே புது வண்டல் வரத்து சுருங்கிவிட்டது. இருக்கிற மண்ணை வைத்துத்தான் டெல்டா பிழைக்க வேண்டும்.

அந்த மண்ணின் அருமை விவசாயிக்குத் தெரியாததல்ல. ஏரியில் தூர் எடுக்க ஓடம் வைத்துக்கொள்வதற்கென்றே நிவந்தம் விட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. இன்றைய அரசு விதிப்படியும் ஏரி, குளத்து வண்டலை நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை இலவசமாக எடுக்கலாம். 2024ல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கினார்கள். பழைய டெல்டாவின் வாய்க்கால்களில் கிடைப்பது கனத்த களி. கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமோ செம்மண்ணும் மணற்பாங்கான நிலமும், ஈரம் நிற்காது. இரண்டையும் சேர்த்து வைப்பதுதானே நியாயம்? தடை லாரி வாடகை. சொட்டச் சொட்டக் களியை ஏற்றினால், கொடுக்கும் வாடகையில் பெரும்பங்கு தண்ணீரைச் சுமந்ததற்குத்தான்.

நெதர்லாந்துக்காரர்கள் இந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். வடகிழக்கே டெல்ஃப்சைல் துறைமுகத்தருகே 2018ல் பெரிய பாத்திகள் கட்டி, கழிமுகத்துச் சேற்றை அதில் விட்டார்கள். நீர் வடிய, உப்பை மழை கழுவ, அவ்வப்போது புரட்டிப்போட்டு, கடலணைக்கு ஏற்ற கெட்டிக் களிமண்ணாக்கினார்கள். மார்க்கர் ஏரியைக் கலக்கிக்கொண்டிருந்த குழைசேற்றைக் கொண்டு 2016 முதல் பறவைத் தீவுகளையே எழுப்பினார்கள். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்துக் கேரளத்தின் குட்டநாட்டில் வேம்பநாட்டுக் காயலின் சேற்றை அள்ளி வரப்பிட்டுத்தான் கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. 2013ல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு அதை உலக வேளாண் மரபாக ஏற்றது. மழை ஓயாத டெல்ஃப்சைலில் மண் பக்குவப்பட ஆண்டுக்கணக்கில் ஆனது. தஞ்சையின் கத்திரி வெயிலுக்கு அவ்வளவு பொறுமை வேண்டியிராது. வாய்க்காலையொட்டிப் புறம்போக்கு உள்ள இடங்களில் காயவைக்கும் பாத்தி போட்டால் போதும்.

கரைக்குப் போகிற மண்ணையும் ஒழுங்காகச் சேர்க்கலாம். அடுக்கடுக்காகப் போட்டு, இறுக்கி, சாய்வாக இறக்கி, வெட்டிவேரோ நாணலோ நட்டால் வேர் அதைப் பிடித்துக்கொள்ளும். மதகடியிலும் அரிப்பு மிகுந்த வளைவிலும் கான்கிரீட் தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 148 கிலோமீட்டர் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தைப் புதுப்பிக்க 2021ல் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, கால்வாயின் தரையிலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பயம் வீணல்ல. அங்கே பலருக்குக் கால்வாய்க் கசிவுதான் ஆழ்குழாய்க் கிணற்றின் வரவு.

கடைமடையில் விஷயம் இன்னும் பெரிது. கோரையாறும் பாமணியாறும் கலக்கும் முத்துப்பேட்டையில், ஒரு காலத்தில் அலையாத்தி மரங்களை வெட்டித் தீர்த்த இடம் தொட்டிபோலத் தாழ்ந்து, தேங்கிய கடல்நீர் உப்பேறி, மரம் முளைக்கவே முடியாமல் போனது. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவில் கால்வாய் வெட்டி அலையை உள்ளே விட்ட பிறகுதான் காடு திரும்பியது. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் அடித்ததில் அதே காடு மொட்டையானது. முகத்துவாரங்களில் தூர் எடுக்கும்போது கிடைக்கும் மெல்லிய சேற்றை, தாழ்ந்துபோன அந்த ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிப் பார்க்கலாம். மொத்தமாகக் கொட்டினால் மூச்சுவேர் அடைபட்டு இருக்கிற மரமும் பட்டுப்போகும்.

எல்லா மண்ணும் நல்ல மண்ணல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நகரச் சாக்கடை கலக்கும் வாய்க்காலின் கசடு வயலுக்குப் போகக் கூடாது. கடைமடை மண்ணில் உப்பைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. தஞ்சை காட்டுத்தோட்டத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோதனைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, வண்டல் என்ற பெயரில் மணல் லாரி கிளம்பிவிடுவது. அதற்காகத்தான் மண்ணுக்கும் கணக்கு வேண்டும். அடுத்த கோடைக்கான மதிப்பீட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் கன மீட்டரையும், மண் போய்ச் சேரும் இடத்தின் சர்வே எண்ணையும் நீர்வளத் துறையினர் எழுதட்டும். அங்கே மண் சேர்ந்ததை ஊர் விவசாயிகள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கட்டும்.