அணை வரைக்கும் சுத்தம் என்ற கதை

வைகையைப் பற்றி மதுரையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அது ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆற்றைக் கெடுத்தது மதுரைதான், பந்தல்குடி வாய்க்கால் கலக்கிற இடத்தைப் போய்ப் பாருங்கள், வைகை அணைக்கு மேலே தேனிப் பக்கம் தண்ணீர் சுத்தமாகத்தான் வருகிறது என்பார்கள். தேனிக்காரர்களும் இதை மறுப்பதில்லை. மறுக்க அவர்களுக்கு என்ன வேண்டுதல்? அவர்கள் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள்: “எங்க தண்ணி ஓடுற தண்ணி, அதுல அழுக்கு நிக்காது.”

முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. மதுரைக்குள் ஆறு என்ன கதியில் கிடக்கிறது என்பதை ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்றால் மூக்கே சொல்லிவிடும். இரண்டாம் பாதியில்தான் வில்லங்கம். மேலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டதால், பெரியாற்றுத் தண்ணீர் மலையிறங்கும் லோயர் கேம்ப்பிலிருந்து வைகை அணை வரையுள்ள பள்ளத்தாக்கை ஒரே கணக்காகச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவே இல்லை. அந்த நம்பிக்கைக்குச் சொல்லப்படும் காரணங்கள் சில உண்டு. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆலை ஏது என்பது முதல் காரணம். திருப்பூரைப் போல் சாயப்பட்டறை வரிசை இல்லை, வாணியம்பாடியைப் போல் தோல் தொழிற்சாலை இல்லை. சரிதான். ஆனால் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஓடைப்பட்டிப் பக்கம் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும், இன்னொன்றில் அறுப்பு நடக்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமையே அதுதான். பருவம் பார்க்காத விளைச்சலுக்கு நோயும் பருவம் பார்ப்பதில்லை. அடிச்சாம்பல் வந்துவிடக் கூடாதே என்று தோட்டக்காரர் போர்டோ கலவை கலக்குகிறார். ஒரு டிரம்மில் ஒரு கிலோ மயில்துத்தம், இன்னொன்றில் ஒரு கிலோ சுண்ணாம்பு, இரண்டையும் சேர்த்து நூறு லிட்டர். கலந்ததும் தீட்டிய கத்தியை அதில் முக்கி எடுப்பார். அலகில் செம்மண் நிறத்தில் படிவு ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் கொழுந்து கருகிவிடும் என்று அர்த்தம். கத்தியில் படிவது அசல் செம்பு. சரியாகக் கலந்த கலவையிலும் அந்தச் செம்பு எங்கும் போய்விடவில்லை. இலையில் காய்கிறது, மழையில் கழுவுண்டு மண்ணுக்கு இறங்குகிறது. பூச்சிமருந்தாவது சில வாரத்தில், சில மாதத்தில் சிதைந்துபோகலாம். செம்பு உலோகம், அதற்குச் சிதைவே கிடையாது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு, மண் கரையும் நாளில் கூடவே கிளம்பும்.

இதோடு நெல்லுக்கும் வாழைக்கும் போடும் யூரியா, டி.ஏ.பி. அப்புறம் ஊர்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், பழனிசெட்டிபட்டி, தேனி என்று அந்தத் தண்ணீர் ஓடிவரும் முல்லையாற்றுப் போக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. போடியின் பங்கு கொட்டகுடி ஆற்று வழியாகச் சேர்கிறது. தெருச்சாக்கடை, செப்டிக் டேங்க் லாரி, வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ், கல்யாண மண்டபம், சுருளி அருவியில் நேர்த்திக்காக விட்டுப்போகிற துணி இவற்றில் எதையும் ஆலை என்று சொல்ல முடியாது. 1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்குக் கழிவு வெளியேறும் குழாய் முனை ஒன்று கிடைத்தால் பிடி கிடைக்கும். ஒரு பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிக் கசிவதற்குக் குழாய் முனை ஏது?

அடுத்த காரணம், எதைச் சோதித்தாலும் அளவுக்குள்தானே இருக்கிறது என்பது. ஒவ்வொன்றும் தனித்தனியே அளவுக்குள் இருக்கலாம், மறுக்கவில்லை. 2002-ல் லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெண் ஹார்மோனைப் போல் லேசாகச் செயல்படும் எட்டு ரசாயனங்களை எடுத்துக்கொண்டார்கள். தனியாக இருந்தால் எந்த விளைவும் தெரியாத அளவுக்கு ஒவ்வொன்றையும் குறைத்து, எட்டையும் ஒன்றாகக் கலந்து சோதித்தார்கள். கலவையில் விளைவு தெளிவாகத் தெரிந்தது. ‘வரம்புக்குள்’ என்ற முத்திரையை எட்டுத் தாளில் தனித்தனியாகக் குத்தினால் மொத்தமும் வரம்புக்குள் என்று ஆகிவிடாது என்பதற்குச் சோதனைச்சாலைச் சாட்சி அது. ஆற்றின் மீன் எட்டுத் தாளையும் தனித்தனியாக வாசிப்பதில்லை.

எதை அளக்கிறோம் என்பதும் பார்க்க வேண்டியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றுப் பகுதிகளை ‘மாசுபட்டவை’ என்று பட்டியலிடுவது பி.ஓ.டி.யை வைத்து, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவை வைத்து. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் பட்டியல், 30-ஐத் தாண்டினால் முதல் முன்னுரிமை. சுத்திகரித்துக் குடிக்கும் நீருக்கான ‘சி’ வகுப்பும் பி.ஓ.டி., கரைந்த ஆக்சிஜன், கோலிஃபார்ம் கிருமி, கார அமிலத் தன்மை இந்த நாலையும்தான் கேட்கிறது. பாஸ்பேட்டும் செம்பும் பூச்சிமருந்தும் எவ்வளவு இருந்தாலும் அந்த வகுப்பில் பாஸாகிவிடலாம்.

இனி எல்லாரும் சொல்வது, சொல்லும்போதே நியாயமாகவும் படுவது: பெரியாற்றுத் தண்ணீர் வந்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது. 1895-லிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர் ஆயிற்றே, அந்த நன்றி இந்த மண்ணுக்கு இருக்கத்தான் செய்யும். நன்றியை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போகத்துக்குப் பெரியாறு அணையைத் திறக்கும்போது வழக்கமாக வினாடிக்கு 300 கன அடி வரும், பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100. பாசனம் நின்ற மாதங்களில் அந்த 100 மட்டும். ஒரு கன அடி நாள் முழுக்க ஓடினால் 24.5 லட்சம் லிட்டர். ஆக, 300 என்றால் நாளுக்கு 73 கோடி லிட்டர், 100 என்றால் 24.5 கோடி.

ஒரு பேச்சுக்கு, பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து நாளுக்கு 2 கோடி லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 200 மில்லிகிராம் பி.ஓ.டி.யோடு ஆற்றில் கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 கன அடி ஓடும்போது அது ஆற்றில் 5-க்குச் சற்று மேலே காட்டும், பட்டியலின் கடைசி முன்னுரிமை. 100 கன அடியில் அதே சாக்கடை 15 காட்டும், நடு முன்னுரிமை. ஆறு போகிற போக்கில் தன்னைக் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்ளும், ஆகவே அசல் எண்கள் குறையும். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் மட்டும் இருக்கத்தான் செய்யும். ஜூலையில் ஒரு பாட்டிலும் ஏப்ரலில் ஒரு பாட்டிலும் எடுத்து இரண்டு வெவ்வேறு ஆற்றைப் பற்றி அறிக்கை எழுதலாம். பாசனத்துக்குப் போன 200-ல் வடிந்து ஆற்றுக்குத் திரும்புவது வயலையும் வாழைத்தோட்டத்தையும் கழுவிக்கொண்டு திரும்புவது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதிகமானால் கழிவின் அடர்த்தி குறையும், அளவு குறையாது. கடலுக்குப் போகிற ஆறு என்றால் அந்த வித்தியாசத்தை ஒரு மாதிரி மறந்துவிடலாம். இந்த ஆறு வழியிலேயே ஓர் அணையில் போய் நின்றுவிடுகிறது. அடித்துக்கொண்டு போனதெல்லாம் அங்கேதான் போகிறது.

பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர் ஒருவரின் கழிவில் நாளுக்கு ஏறத்தாழ 1.5 கிராம் இருக்கும். ஒரு லட்சம் பேருக்கு 150 கிலோ. வைகை அணை 71 அடி நிரம்பி நின்றால் சுமார் 6,000 மில்லியன் கன அடி, அதாவது 17 கோடி கன மீட்டர். தேங்கிய நீரில் லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் பாசி பெருகும் வகைக்குள் அது வந்துவிட்டது என்பது ஏரி ஆய்வாளர்கள் வைத்திருக்கும் எல்லைகளில் ஒன்று. பெருக்கிப் பாருங்கள். நிரம்பிய அணை அந்த எல்லையைத் தொட 6 டன் போதும். ஒரு லட்சம் பேர் அதை 40 நாளில் கொடுத்துவிடுவார்கள். 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்ட மக்கள்தொகை 12.46 லட்சம். மாவட்டம் முழுதும் அணைக்கு மேலே இல்லை, கழிவெல்லாம் ஆற்றுக்கும் வருவதில்லை. குழியில் தங்கும், மண் பிடித்துக்கொள்ளும், அணையிலிருந்து தண்ணீரோடு வெளியேறவும் செய்யும். இருந்தாலும் பத்தில் ஒரு பங்கு வந்தாலே போதும் என்கிற கணக்கு இது. உரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் தீர்ந்துவிடாதா என்றால், பி.ஓ.டி. தீரும். கரைந்த பாஸ்பரஸில் பெரும்பங்கு தெளிந்த நீரோடு நிலையத்தைத் தாண்டி வந்துவிடும். அதைப் பிடிக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

அணையில் தங்கித் தெளிந்துவிடுகிறதே என்பது அடுத்த சமாதானம். தெளிவது கண்ணுக்கு. 6,879 மில்லியன் கன அடிக்குக் கட்டப்பட்டு 1959-ல் திறக்கப்பட்ட அணை அது. இன்று கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வண்டல் தின்றுவிட்டது. வருசநாட்டு மலையில் கனமழை பெய்தால் மூல வைகை செந்நிறமாக இறங்கும், இப்படிக் கரைந்து வரும் மண்ணோடுதான் செம்பும் பாஸ்பரஸும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அடியில் படிந்தது படிந்தபடி இருக்கும் என்று நம்பவும் வழியில்லை. அடி நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் வண்டல் பிடித்துவைத்த பாஸ்பரஸ் மறுபடி கரைந்து மேலே வரும். மேலிருந்து வரத்தே இல்லாத மாதத்திலும் பாசிக்குச் சோறு கிடைப்பது இப்படித்தான்.

2017 ஏப்ரலில் இதே அணையில் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள், ஊரே சிரித்தது. அட்டைகள் காற்றில் கரை ஒதுங்கின, சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆவியாதல் என்னவோ நிஜம். வெயிலில் போவது வெறும் தண்ணீர், அதில் கரைந்திருப்பது போகாது. மே மாதத்தில் சுருங்கிக் கிடக்கும் அணையில் கையை முக்கி எடுத்தால் பச்சைப் பெயின்ட்டைக் கரைத்துவிட்டது போல விரலிடுக்கில் ஒட்டுகிறது, கூடவே அழுகல் வாடை. பாஸ்பரஸ்தான் இதற்குத் திறவுகோல் என்பதை 1973-ல் கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியையே திரைபோட்டு இரண்டாக்கிக் காட்டினார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாகிவிட்டது.

கடைசியாக, எப்படியும் சுத்திகரித்துத்தானே குடிக்கிறோம் என்பார்கள். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் சுமார் 5 லட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சவும் வேண்டாம், காய்ச்சினால் நஞ்சு செறியும் என்று சொன்னார்கள். ஈரி ஏரியில் பெருகிய நீலப்பசும்பாசியின் நஞ்சு, நவீனச் சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டிக் குழாய்க்கு வந்துவிட்டது. அங்கே ஆலை எதுவும் வெடிக்கவில்லை. பாசிக்குத் தீனி பெரும்பாலும் வயல்களிலிருந்து ஆற்று வழியாக வந்த உரம். வைகை அணையில் அந்த நஞ்சு இருக்கிறது என்று சொல்லவில்லை. விவசாயப் பூமிக்குக் கீழே இருக்கும் குடிநீர் அணையில் அதைத் தேடாமல் இருக்கக் கூடாது என்கிறேன்.

மதுரையின் குடிநீருக்கு இப்போது வேறு வழி போட்டிருக்கிறார்கள், லோயர் கேம்ப்பிலிருந்து நேராகக் குழாயில் நாளுக்கு 12.5 கோடி லிட்டர். மதுரைக்காரனாக யோசித்தால் நல்ல திட்டம். பள்ளத்தாக்குக்காரனாக யோசித்தால், அது வினாடிக்கு 51 கன அடி. ஆற்றில் 100 கன அடி மட்டும் ஓடும் நாளில் அதிலிருந்தே எடுத்தால் பாதித் தண்ணீர் ஊர்களைத் தொடாமல் போய்விடும், சாக்கடை முழுசாக மீதிப் பாதியில் கலக்கும். ஆண்டிபட்டி, சேடப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அப்புறமும் அணைதான் குடிநீர்.

எல்லாரையும் சேர்த்துக் குற்றம் சொன்னால் யாரையும் சொல்லாத மாதிரிதானே என்று ஒரு நண்பர் கேட்டார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனால் நடைமுறை நேர் எதிராக இருக்கிறது. மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று முதலில் முடிவு செய்தால்தான் யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பங்கு போட முடியும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு 2010-ல் நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் மூன்றுக்கும் மொத்த உச்சவரம்பு வைத்து, ஆறு மாநிலங்களுக்கும் வாஷிங்டன் நகரத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் சாக்கடைக்கும் பங்கு உண்டு, வயலுக்கும் பங்கு உண்டு. நமக்கு இருப்பது ஒரே மாவட்டம்.

செய்ய வேண்டியதும் பெரிய வேலை இல்லை. லோயர் கேம்ப், வீரபாண்டி, கொட்டகுடி ஆறு முல்லையாற்றில் கலக்குமுன் ஓர் இடம், மூல வைகை அணைக்கு இறங்குமுன் ஓர் இடம், அணையின் மேல் நீர், அடி நீர். இந்த ஆறு இடங்களிலும் மாதம் ஒருமுறை, கோடையில் வாரம் ஒருமுறை, ஒரே நாளில் மாதிரி எடுத்து பாஸ்பேட், நைட்ரேட், செம்பு, திராட்சைக்கு அடிக்கும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடர்த்தியை வரத்தால் பெருக்கினால் மொத்தச் சுமை கிடைத்துவிடும். அணையின் வரத்தை நீர்வளத் துறை தினமும் காலையில் அளந்து சொல்கிறது, பத்திரிகையிலும் போடுகிறார்கள். மாதிரி எடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா, குடிநீர் வடிகால் வாரியமா என்பதை மட்டும் அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். முதல் மாதிரியை வரும் ஏப்ரலில், ஆற்றில் 100 கன அடி ஓடும்போதே எடுக்கலாம்.