லயத்து வாசலில் நிற்கும் தண்ணீர் யார் குற்றம்?

மழை விட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது. வெயில் காய்கிறது. ஆனால் லயத்து வாசலில் மட்டும் தண்ணீர் நிற்கிறது! அஞ்சடியிலிருந்து இறங்கப் பலகை போட்டிருக்கிறார்கள். அந்தப் பலகைமேல் நடந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போகிறார்கள். ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நாம் கண்ட காட்சி இது. காரணம் கேட்டோம். "உங்கள் ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது, நாங்கள் என்ன செய்வது?" என்று பதில் வந்தது.

இந்தப் பதிலை நாம் ஏற்க மாட்டோம். இது நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய பல்லவி. இதற்குரிய மறுப்பும் நூறு ஆண்டுக்கு முன்பே இந்த நாட்டில் எழுதப்பட்டுவிட்டது.

1901-ஆம் ஆண்டு கிள்ளானிலும், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அங்கே மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் என்ன செய்தார்? ஜனங்களுக்குச் சுத்தத்தைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருந்தாரா? இல்லை! சதுப்பை வடிக்கக் கால்வாய் வெட்டச் செய்தார். புதர்க்காட்டை அழிக்கச் செய்தார். 1901-இல் அவ்விரு ஊர்களிலும் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். 1902-இல் 59 பேர். ஜனங்கள் அதே ஜனங்கள்தாம். மாறியது தண்ணீர் போகும் வழி ஒன்றே!

இன்னும் கேளுங்கள். மேட்டு நிலத்துத் தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பிய கொசு சாக்கடையில் பிறந்ததன்று. காட்டை அழித்தபின் வெயில் பட்ட தெளிந்த ஊற்று நீரிலே பிறந்தது. ஆகவே வாட்சன் அந்த நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து வடிக்கச் சொன்னார். நம் பாட்டன் பாட்டிகளைக் கொன்றது அவர்களுடைய அழுக்கா? காட்டைத் திறந்துவிட்டுத் தண்ணீரைக் கவனியாமல் விட்ட அலட்சியமா? வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

மலாக்காவின் ரப்பர்ச் சரித்திரம் நமக்குத் தெரியும். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் முதல் ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். அடுத்து நம் ஜாசின் பகுதியைச் சேர்ந்த புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. இன்று பல இடங்களில் ரப்பரை நீக்கிச் செம்பனை நட்டுவிட்டார்கள். எந்த மரமானாலும் அதன் வேரில் தண்ணீர் தேங்க எந்தத் துரையாவது விட்டதுண்டா? பள்ளத்தில் கால்வாய் வெட்டுவார்கள். மேட்டில் படிக்கட்டு வரப்புப் போடுவார்கள். கால்வாய் தூர்ந்தால் உடனே ஆள் அனுப்புவார்கள். மரத்தின் காலடியில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று தெரிந்தவர்களுக்கு, மரத்தை நம்பி வாழும் மனிதனின் காலடியில் நிற்கக் கூடாது என்பது மட்டும் தெரியாதா?

கணக்காகவே பேசுவோம். இருபதடிக்கு முப்பதடிக் கூரையுள்ள வீட்டின்மேல் ஓரங்குல மழை பெய்தால், கூரையிலிருந்து விழுவது ஏறத்தாழ 1,400 லிட்டர். மண்ணெண்ணெய்த் தகரத்தால் அளந்தால் எழுபதுக்கும் மேற்பட்ட தகரம்! ஆறு வீட்டு லயமானால் எட்டாயிரம் லிட்டருக்கு மேல். இவ்வளவு தண்ணீரை விளக்குமாறு கொண்டு தள்ளிவிட முடியுமா?

ஆனால் சகோதர சகோதரிகளே, நம் பங்கையும் நாம் மறைக்க மாட்டோம். வாசலில் தண்ணீர் நின்றால் பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு வெட்டு வெட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவர் மண்ணைப் போட்டு அடைக்கிறார். பிறகு வாய்ச்சண்டை, பிறகு பேச்சு வார்த்தையில்லை. ஒரே பெரட்டில் நின்று ஒரே சங்கத்தில் சந்தா கட்டுகிற இருவர், ஒரு முழச் சாக்கடைக்காகப் பகைத்துக்கொள்கிறார்கள்! இதைக் கண்டு சிரிப்பவர் யார் என்று யோசியுங்கள்.

ஆகவே முதலில் குறையைக் கண்டுபிடியுங்கள். மழை பெய்யும்போதே குடையோடு வெளியே வந்து பாருங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது? மறுநாளும் நிற்கும் இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். சுவரடியில் பச்சைப் பாசி படர்ந்திருக்கிறதா? கூரை நீர் விழும் இடம் குழியாகிவிட்டதா? சுவரை ஒட்டிய மண் முதல் பத்தடிக்குள் ஆறங்குலமாவது வெளிப்புறமாகச் சரிய வேண்டும். உட்புறமாகச் சரிந்தால் தண்ணீர் வீட்டைத் தேடித்தான் வரும். மண் கால்வாய்க்கும் பத்தடிக்கு ஓரிரு அங்குலச் சரிவு தேவை. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும், உண்மை வெளிவந்துவிடும்.

குழியை நிரப்புவது, வாசல் கால்வாயில் இலை குப்பை சேராமல் பார்ப்பது, குளியலறைத் தண்ணீரை வாசலில் விடாதிருப்பது ஆகியவை நம் வேலை. டெங்கிக் கொசு தெளிந்து தேங்கிய நீரில், டின்னிலும் டயரிலும் பூச்சட்டித் தட்டிலும்கூட முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆதலால் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். எலி நடமாடும் தேக்கத்தில் புண்ணுள்ள காலோடு இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உயிரையே குடிக்கும்.

ஆனால் பெரிய கால்வாயை வெட்டுவதும், உடைந்த சிமெண்டுக் காலைக் கட்டுவதும், பள்ளத்தில் கட்டிய லயத்துக்கு வடிகால் அமைப்பதும் நம் வேலையன்று! தொழிலாளர் குடியிருப்புக்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. முதலாளி கொடுக்கும் வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைப்பது முதலாளியின் பொறுப்பு. "தோட்டம் தனியார் நிலம்" என்று ஊராட்சி மன்றம் ஒதுங்க, "செலவுக்குப் பணமில்லை" என்று நிர்வாகம் ஒதுங்க, நடுவில் தண்ணீரோடு நிற்பவன் தொழிலாளி. இந்தப் பந்தாட்டம் போதும்!

தோட்டத்தை விட்டு டவுனில் தரைவீடு வாங்கிய நம்மவருக்கும் ஒரு சொல். வாசல் முழுவதும் சிமெண்டு பூசி, கால்வாய்மேல் பலகணி கட்டி அடைத்துவிட்டால், மழைத்தண்ணீர் அடுத்த வீட்டில்தான் ஏறும். லயத்தில் நம்மை வாட்டிய குறையை நாமே புதிதாகக் கட்ட வேண்டுமா?

வழி ஒன்றுதான். தனித்தனியாகக் கிராணியாரிடம் போய் முறையிடாதீர்கள். குச்சி நட்ட இடங்களையெல்லாம் சேர்த்து ஒரு படம் போடுங்கள். எந்த நாள் மழை பெய்தது, எத்தனை நாள் தண்ணீர் நின்றது, யார் யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று எழுதுங்கள். லயத்தார் அனைவரும் கையெழுத்திட்டுக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி தொழிலாளர் இலாகாவுக்கு. பதில் வரும்வரை ஒவ்வொரு மழைக்கும் ஒரு கடிதம் போகட்டும்.

நம் வாசலை நாம் கூட்டிவிட்டோம். இனி அவர்கள் கால்வாயை அவர்கள் வெட்டட்டும். அதன் பிறகும் தண்ணீர் நின்றால், சுத்தம் தெரியாதவர் யார் என்பதை ஊரே அறிந்துகொள்ளும்!