மே மாதத்தில் பாட்டு வாத்தியாருக்குப் பசிக்காதா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி தமிழ்நாட்டில் அபூர்வம். ஊர்ச் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை, 30 குடும்புகள் (வார்டுகள்), பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் எல்லாம் மேடைக்கு மேடை ஒப்பிக்கப்படுகின்றன. அதே சுவரில் உள்ள இன்னொரு விதியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. குடவோலையில் பெயர் எழுதப்பட ஒருவருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு வேதம் கற்று, ஒரு பாஷ்யத்தைப் பிறருக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் என்றால் அரைக்கால் வேலியே போதும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவருக்குச் சொத்துத் தகுதியில் பாதி தள்ளுபடி! அது பிராமண ஆண்களின் சபை, பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் அங்கே இடமில்லை என்பதை மூடி மறைத்துப் பெருமை பேச நமக்கு விருப்பமில்லை. ஆனாலும், கற்பிப்பதற்கு ஒரு மதிப்பு உண்டென்று கல்லிலேயே வெட்டிவைத்த ஊர் அது.

இன்று நாம் வைத்திருக்கும் மதிப்பைப் பார்ப்போம். 2012இல் தமிழக அரசு சுமார் 16,500 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் அமர்த்தியது. உடற்கல்வி, ஓவியம் ஆகியவற்றோடு தையல், கணினி, தோட்டக்கலை, இசை என்ற வரிசையில் பாட்டு வாத்தியாரும் அதில் வந்தார். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். அந்தத் தொகை 10,000 ரூபாயைத் தொட 2021 ஆயிற்று. 2023இல் மேலும் 2,500 ரூபாய் அறிவித்தார்கள். பத்தாண்டுக்கும் மேலாக மே மாதத்துக்குச் சம்பளமே கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் மூடியிருந்ததாம். கோடை விடுமுறை வயிற்றுக்கும் உண்டு என்று எந்த அதிகாரி கண்டுபிடித்தாரோ தெரியவில்லை.

"பாட்டு என்ன பரீட்சைக்கா வரப்போகிறது?" என்று கேட்பவர்கள் பெற்றோரிலும் உண்டு. பாட்டு பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொண்டார் என்றால் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். மயிலாப்பூர்ப் பிள்ளைக்குத் தெருவுக்கு ஒரு பாட்டு டீச்சர் கிடைப்பார். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளை மாவட்ட அரசு இசைப்பள்ளிக்குப் போக வேண்டுமானால் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அதற்கு யார் துணைக்கு வருவது? அந்தப் பிள்ளையின் காதில் ஸ, ப, ஸ என்று முதல் சுருதி விழ ஒரே வழி பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார்தான்.

காஞ்சிபுரத்தின் மிகப் பெரிய குரல் யாருடையது என்று கேட்டால், 1919இல் அங்கே பிறந்த டி.கே. பட்டம்மாளின் பெயரைத்தான் சொல்வோம். 1970இல் சங்கீத கலாநிதி, 1998இல் பத்ம விபூஷண். குருகுலவாசம் செய்து படித்தவர் அல்லர் அவர். கச்சேரி கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தம்பிமாரின் துணையோடு பாட்டை எழுதிவைத்துக்கொண்டு கற்றவர். ஆயினும் சிறுமியாக இருந்தபோது அவருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த ஒருவர் உண்டு. "தெலுங்கு வாத்தியார்" என்றே பட்டம்மாள் அவரைக் குறிப்பிடுவார். அவ்வளவுதான். அவர் பெயர் வரலாற்றில் இல்லை. சிஷ்யை நினைவில் வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விருதுகளையும் பட்டங்களையும் வருஷம் தவறாமல் பதிவு செய்த நாம், அந்த மனிதரின் பெயரைக் கேட்டு எழுதிவைக்கவில்லை.

அதே ஊர்க்காரர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889-1934). லயத்தில் மன்னர். அவர் பாடியதைக் கேட்க இன்று நமக்கு ஓர் இசைத்தட்டு இல்லை. இருப்பவை சீடர்களின் குரல்கள்தாம்: சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பிருந்தா, முக்தா. காஞ்சியில் அவர் நடத்திய தியாகராஜ உற்சவப் போட்டியில் பாடிப் பரிசு வாங்கிய சிறுமிதான் பட்டம்மாள். நாயனாப் பிள்ளையின் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் யாருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாரோ அவர்கள் வழியாகத்தான் நாம் ஊகிக்கிறோம். சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டத்தை 1942இல் தொடங்கியது. ஆசிரியர்களுக்கென்றே ஒரு விருது வேண்டும் என்று அதற்குத் தோன்றியது 1990களில். ஐம்பது வருஷம் போல இடைவெளி. பாடியவருக்கு உடனே கைதட்டல். பாட வைத்தவருக்கு அரை நூற்றாண்டு கழித்து.

கூத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட மேல். இந்த வட்டாரத்துக் கட்டைக்கூத்தில் குழுவை நடத்துபவரை வாத்தியார் என்றே அழைக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவன்தான் அங்கே தலைவன்.

பள்ளி ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் நான்கு பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவர், திரைக்குப் பக்கத்தில் சுருதிப் பெட்டியோடு நிற்பார். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. பந்தல் போட்டவருக்கும் ஒலிபெருக்கி வைத்தவருக்கும் நன்றியுரையில் பெயர் உண்டு. சொல்லிக்கொடுத்தவர் பெயர் அழைப்பிதழில்கூட இல்லை.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்தே செய்யும் நன்றிகெட்டதனம் இது. முதல் குற்றவாளி அரசு. பதினோரு மாதத்துக்கு மட்டும் ஒருவரை ஆசிரியராக மதித்து, பன்னிரண்டாம் மாதம் அந்நியராக்கிய கணக்கு எந்தக் கருவூல நியாயத்திலும் சேராது. நிதி இல்லை என்ற பதிலை உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்து பேசிய அதே வாயால் சொல்லக் கூடாது. அடுத்த குற்றவாளி, பீரியடைப் பறித்தபோது சும்மா இருந்த நாம்.

தராமல் விட்ட ஒவ்வொரு மே மாதத்துக்கும் நிலுவையைக் கணக்குப் பார்த்துத் தர வேண்டும். பகுதிநேரம் என்ற பெயரை எடுத்துவிட்டு இவர்களை நிரந்தரமாக்க வேண்டும். அதுவரை ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு அரசாணை வேண்டாம். அடுத்த ஆண்டு விழா அழைப்பிதழில், "தமிழ்த்தாய் வாழ்த்து" என்ற வரிக்கு எதிரே, பயிற்றுவித்தவரின் பெயரை முழுதாக, இனிஷியலோடு, அச்சடியுங்கள்.