மீன் கல்லும் கம்பி பிரஷ்ஷும்

ஒகேனக்கல் போய் வந்தவர்கள் எண்ணெய் மாலிஷ், பரிசல், அருவி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். சைவக்காரர்கள் நீங்கலாக மற்றவர்கள் கடைசியில் மீனில்தான் வந்து நிற்பார்கள். மீனை வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரவென்றே அங்கே பெண்கள் இருக்கிறார்கள். அடுப்பு, பெரிய இரும்புக் கல், மிளகாய் மசாலா, இவ்வளவுதான் சாமான். எனக்கு மீனைவிட அந்தக் கல்லின் மேல்தான் கண். நாள் பூராவும் மசாலா தீய்கிற கல், அடுத்த மீன் ஒட்டாமல் புரள்கிறதே!

"ஏம்மா, இதை எப்படித் தேய்க்கிறே?" என்று கேட்டேன்.

"சூட்டோட சுரண்டிப் போடணுங்கம்மா. ஆறிப்போச்சுன்னா நம்ம பேச்சைக் கேக்காதுங்க" என்றாள்.

இதுதான் முழு ரகசியமும். சூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இளகியிருக்கும்; ஆறினால் பிசின் மாதிரி இறுகிவிடும். இப்போது மொட்டை மாடியில் கரி அடுப்பு வைத்து, கம்பித் தட்டில் மீனும் கோழியும் சுடும் வழக்கம் நம் வீடுகளிலும் வந்துவிட்டது. சட்டம் ஒன்றுதான். சாப்பிட்டு முடித்து மறுநாள் தேய்க்கலாம் என்று விடாதீர்கள். கைபொறுக்கும் சூடு வந்ததும் கல்லுப்பைத் தூவி, தேங்காய் மட்டைத் துண்டை நனைத்துத் தேய்த்தால் கரி உதிர்ந்து வரும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்ப்பதும் நல்லதுதான். வார்ப்பிரும்பாக இருந்தால் சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

தட்டோடு கூடவே கடையில் ஒரு கம்பி பிரஷ்ஷும் விற்கிறார்கள். அதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். தேயத் தேய அதன் கம்பி மயிர் உதிரும். தட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த முறை மீனோடு வயிற்றுக்குள் போகும். அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் இப்படிக் கம்பி விழுங்கி ஆஸ்பத்திரிக்கு வந்த ஆறு பேரைப் பற்றி, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012 ஜூலையில் எழுதியது. சிலருக்குத் தொண்டையில் குத்தியிருந்தது, சிலருக்குக் குடலையே துளைத்துவிட்டது. பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். உப்பு தங்கினால் கரைந்து போகும். கம்பி கரையுமா?

நம் வீடுகளில் இன்னொரு வம்பும் இருக்கிறது. மீன் சாப்பிடும்போது தொண்டையில் ஏதோ குத்துகிறது என்று யாராவது சொன்னால், முள்தான் என்று தீர்மானித்துச் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வோம், வாழைப்பழம் கொடுப்போம். முள்ளுக்கே அது சரியில்லை, இன்னும் ஆழமாகத்தான் இறக்கும். கம்பியானால் கேட்கவே வேண்டாம். விழுங்கும்போது வலி நிற்கவில்லையென்றால், இல்லை இரண்டொரு நாளில் வயிற்றுவலி வந்தால், டாக்டரிடம் போய்க் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த தட்டு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்கேனில் தேட வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டுமல்லவா?

கையில் இருக்கிறதே என்று துத்தநாகப் பூச்சுள்ள வேலிக் கம்பி வலையை வெட்டிப் போட்டுச் சுடுகிறவர்களும் உண்டு. வேண்டாம்! எலுமிச்சை, புளி பட்டால் அந்தப் பூச்சு கரைந்து சாப்பாட்டில் சேரும். அதிகச் சூட்டில் கிளம்பும் புகையும் கெடுதல். துருப்பிடிக்காத எஃகுத் தட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

ரொம்ப நாள் கரி ஏறிப்போன எஃகுத் தட்டைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் ராத்திரி ஊறப் போடலாம். சலவைச் சோடாவும் அழுக்கை எடுக்கும். அலுமினியத்தில் மட்டும் படக்கூடாது, அரித்துவிடும். பளபளப்புக்காகப் பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் சேர்த்துக் கலக்கும் சாமர்த்தியம் யாருக்கும் வேண்டாம். அதிலிருந்து வருவது குளோரின் வாயு, மூச்சை அடைக்கும்.

இரும்புக் கல்லுக்குப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பழகிய கருப்பெல்லாம் போய் மீன் ஒட்ட ஆரம்பிக்கும். உப்பை நன்றாகத் துடைத்து, அடுப்பில் வைத்து ஈரம் வற்றவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி வையுங்கள். மழைக்காலத்தில் நடுவே ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டால் துரு ஏறாது.